நூற்று இருபத்தைந்து விழுக்காடு

வெளியே வந்த பயனுள்ள ஆற்றலை
உள்ளே போன ஆற்றலால் வகுத்தால் பயனுறுதிறன்.
தேர்வில் இரண்டு மதிப்பெண்.
வீட்டு மோட்டாருக்குக் கணக்கிட்டு வந்தால் பத்து.

தொகுதி எளிது.
இருநூறு லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு நேரே நிறுத்தினோம்.
ரெஜினாள் கைபேசியைப் பார்த்து எண்ணினாள்,
இருபத்திரண்டில் வழிந்து அவள் செருப்பு நனைந்தது.
விநாடிக்கு ஒன்பது கிலோ தண்ணீர்.
"போர் எவ்வளவு ஆழம்ப்பா?"
"இருநூறு அடி" என்றார் அப்பா,
அடிக்கு இவ்வளவென்று எண்ணிக் கொடுத்தவர் குரலில்.
அறுபத்தோரு மீட்டர்.
பெருக்கினேன். ஐயாயிரத்து முந்நூற்று எண்பது வாட்.

பகுதிதான் சிக்கல்.
எங்கள் மோட்டார் கொட்டகையில் மீட்டர் கிடையாது,
இலவச மின்சாரம்.
தொகுதி தொகுதியாக வந்து அதைப் பேசிவிட்டுப் போவார்கள்;
பகுதியில் எழுத மட்டும் ஓர் எண் இருக்காது.

நீடாமங்கலம் வைண்டிங் கடை ஹாஜா மைதீன் அண்ணன்
இரவு பத்தரைக்கு வந்தார்.
மும்முனை வருவதே பத்து மணிக்கு மேல்தான்.
கையிலிருந்த மீட்டர் வயல் நண்டு போல
ஒவ்வொரு கம்பியாகக் கவ்வி விட்டது.
ஏழரை ஆம்பியர்.
"ஏழரையா?" அப்பாவுக்கு முகம் சுருங்கியது.
மின்னழுத்தம், மூன்றின் வர்க்கமூலம்,
அண்ணன் வாய்க்கணக்காகச் சொன்ன புள்ளி எட்டு,
எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முந்நூறு வாட்.

வகுத்தேன்.
நூற்று இருபத்தைந்து விழுக்காடு.
இரண்டு முறை சரிபார்த்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பரிமளச்செல்வி மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:
"இந்த மோட்டாரை மேட்டூரிலேயே வைத்துவிடலாமே."

பேருந்து மூணாறு தலைப்பைக் கடக்கும்போது பார்த்தேன்.
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது,
வந்தது எவ்வளவோ அவ்வளவே போகிறது.
கோரையாற்றில் இறங்கியதை இங்கே யாரும்
இழப்பு என்று எழுதுவதில்லை.
ஆனால் ஒரு சொம்பு கூடுதலாகவும்
எந்த மதகும் கொடுத்ததில்லை.

அன்றிரவு சணல் கயிற்றில் ஒரு போல்ட்டைக் கட்டி
மோட்டார் ஓட ஓடக் குழாயோரம் இறக்கினேன்.
இருட்டுக்குள் உரசி உரசிப் போய்
'ளுப்' என்றது.
இழுத்து முழம் போட்டால் ஐம்பது அடி.
ஐம்பதில் நிற்கிறது தண்ணீர்.
மீதி நூற்றைம்பதையும் அது
மோட்டாரைக் கேட்காமலே ஏறி வந்திருக்கிறது.
நான் அந்த உழைப்பையும் இரும்பின் பேரில் எழுதிவிட்டேன்.

உயரம் பதினைந்து மீட்டர்.
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வாட்.
முப்பத்தொரு விழுக்காடு.

அப்பா கேட்டது ஒன்றுதான்:
"அப்ப நூத்தம்பது அடிக்குக் குடுத்த காசு?"
நான் கால்குலேட்டரைப் பார்த்தேன்.
அதில் அந்தப் பொத்தான் இல்லை.

மீதி அறுபத்தொன்பது?
வெப்பமாகப் போகிறது என்கிறது புத்தகம்.
கார்த்திகைக் குளிரில் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் விழுகிறது.
"இதோ இருக்குடி உன் இழப்பு" என்று
ரெஜினாள் இரண்டு கையையும் நீட்டினாள்.
அதையும் போட்டுப் பார்த்தேன்.
விநாடிக்கு மூவாயிரம் ஜூல், ஒன்பது லிட்டருக்குப் பங்கு வைத்தால்
ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.
அந்தச் சூடு மண்ணுடையது.
தொலைந்தது எந்தக் கைக்கும் தெரியாமல்
சம்பாப் பயிரின் காலடியில் பரவிவிட்டது.

மறுபடி எழுதிக் கொடுத்தேன். ஒன்பது மதிப்பெண்.
முப்பத்தொன்றுக்குப் பின்னால் பழக்கதோஷத்தில்
வாட் என்று போட்டிருந்தேன்.

கயிற்றை அப்பா தூக்கி எறியவில்லை.
ஐம்பதாவது அடியில் ஒரு முடிச்சுப் போட்டு
ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறார்.
சித்திரையில் இன்னொரு தடவை இறக்கணுமாம்.
முடிச்சுக்குக் கீழே
இன்னும் நிறையக் கயிறு தொங்குகிறது.